மலையகப் பாடசாலையில் மாணவர் மைய வரலாற்றுப் பாடம்: ஒரு புது ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இந்த வருடம் நியமனம் பெற்ற நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கல்வியியல் கல்லூரியில் மாணவர் மையக் கற்பித்தல் என்று படித்துவிட்டு வந்தீர்கள். தரம் 10, 11 வகுப்புகளுக்கு வரலாற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குழுவாக உட்காரவைத்தால் இரைச்சல், கேள்வி கேட்டால் மௌனம். பாடத்திட்டம் பின்னால் கிடக்கிறது. மூத்த ஆசிரியர்கள் "குறிப்பைச் சொல்லி எழுதவைங்க, அதுதான் பரீட்சைக்கு உதவும்" என்கிறார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு இந்த முறை உண்மையிலேயே சரிவருமா, சரிவருமென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை நீங்கள் பாதியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சம்பவத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளையிடம் அதைப் பற்றிக் கருத்துக் கேட்பதில் என்ன பயன்? நீங்கள் கேட்க நினைத்தது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில்: கருத்துக் கேட்பதில் பெரிய பயன் இல்லை. ஆனால் தேவையான விவரத்தை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று சான்றுகளை முன்னால் வைத்து, "இதில் எதை நம்பலாம், ஏன்?" என்று கேட்பதில் நிறையப் பயன் உண்டு.

நான் மலையகத்தில் நீண்ட காலம் வரலாறு கற்பித்தவன். பிறகு சேவைக்கால ஆலோசகராகப் பல பாடசாலைகளில் கடைசி வாங்கில் உட்கார்ந்து மற்றவர்களின் பாடங்களைப் பார்த்தவன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. ஐந்து குழு, ஐந்து டிமை தாள், ஐந்து மார்க்கர். ஒவ்வொரு குழுவும் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியைத் தேடிப் பிடித்துப் பெரிய எழுத்தில் பிரதி செய்யும். அழகாக எழுதும் பிள்ளை எழுதுவாள், குரல் உள்ள பையன் முன்னால் வந்து வாசிப்பான், மற்றவர்கள் கைதட்டுவார்கள். மேற்பார்வைக்கு வந்தவர்கள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் வரலாற்றைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு சேர், கையில் சோக்குக் கட்டியோடு நின்ற இடத்திலேயே நின்று, ஒரே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வகுப்பு முழுவதையும் அரை மணி நேரம் தலையைச் சொறிய வைத்ததையும் பார்த்திருக்கிறேன். எந்த வகுப்பு மாணவர் மையமானது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். யார் பேசினார்கள், யார் நின்றார்கள், வாங்குகள் எப்படிப் போடப்பட்டிருந்தன என்பதெல்லாம் எனக்கு அளவுகோல் அல்ல. சான்றை எடைபோடும் வேலையை யார் செய்தார்கள் என்பதே அளவுகோல்.

ஆய்வுகள் சொல்வதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். வழிகாட்டல் குறைந்த "நீயே கண்டுபிடி" வகைக் கற்பித்தல் தொடக்கநிலை மாணவர்களுக்கு உதவாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006 இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்களுடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் முன்னறிவு இல்லாதவனுக்குச் சுமை கூடும் என்ற அடிப்படைக் கருத்து வகுப்பறையில் கண்கூடாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், சாம் வைன்பேர்க் 1991 இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு வரலாற்றாசிரியர்களையும் எட்டு உயர்பள்ளி மாணவர்களையும் ஒரே ஆவணங்களை உரக்க யோசித்தபடி வாசிக்கச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் முதலில் இதை எழுதியவர் யார், எப்போது என்று பார்த்தார்கள். மாணவர்கள் மேலிருந்து கீழே வாசித்து, பாடப்புத்தக வரியை எல்லாவற்றுக்கும் மேலாக நம்பினார்கள். அந்தப் பழக்கத்தை வகுப்பில் மாற்ற முடியுமா என்று அவிஷாக் ரைஸ்மன் சான் பிரான்சிஸ்கோ பாடசாலைகளில் ஆறு மாதம் சோதித்து 2012 இல் எழுதினார். ஆவணங்களை வைத்துப் படித்த பிள்ளைகள் வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமல்ல, தகவல் அறிவிலும் வாசிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். உங்கள் அதிபரிடம் சொல்வதற்கு இது நல்ல செய்தி. ஆனால் அங்கே ஆசிரியர்களுக்குப் பாடங்கள் தயாராகக் கையில் கொடுக்கப்பட்டன. இங்கே நீங்கள்தான் இராத்திரியில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆகவே அதே பலன் அப்படியே இங்கேயும் கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

இனி வேலைக்கு வருவோம். பாடப்புத்தகத்துக்குள் இருந்தே ஒரு உதாரணம் எடுக்கிறேன், ஏனென்றால் மாணவர் மையம் என்றால் பாடத்திட்டத்தை விட்டு வெளியே போவது என்று பலர் பயப்படுகிறார்கள். பிரித்தானியர் 1803 இல் கண்டிக்குள் நுழைந்தார்கள். தலைநகரைப் பிடித்து, அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமி என்பவரை அரியணையில் வைத்தார்கள். சில மாதங்களில் காய்ச்சலாலும் உணவு வராததாலும் குலைந்து, மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது. 1815 இல் அதே கண்டி பெரிய சண்டை எதுவுமில்லாமல் அவர்கள் கைக்கு வந்தது. "1803 இல் தோற்றவர்கள் 1815 இல் எப்படி வென்றார்கள்?" இந்த ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள்தான் பேசவேண்டும்: கண்டியின் மலைகளும் கணவாய்களும், கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் அவனுடைய உயர் அதிகாரிகளான பிரதானிகளுக்கும் இடையில் வந்த பகை, அந்தப் பிரதானிகளில் ஒருவரான எஹெலபொல 1814 இல் பிரித்தானியர் பக்கம் ஓடியது, அவருடைய குடும்பத்துக்கு நேர்ந்த கொடூரம், பிரித்தானிய அதிகாரி ஜோன் டொய்லி உளவு சேர்த்தது. பிறகு மூன்று சின்னத் துண்டுகள் கொடுங்கள்: 1803 படையின் நிலை பற்றி ஐந்து வரி, எஹெலபொல விவகாரம் பற்றி ஐந்து வரி, 1815 மார்ச் 2 உடன்படிக்கையிலிருந்து பௌத்தத்தையும் பிரதானிகளின் உரிமையையும் பாதுகாப்பதாகச் சொல்லும் வாசகங்கள். இருவர் இருவராக, எந்தத் துண்டு கேள்விக்கு அதிகம் பதில் சொல்கிறது, ஏன் என்று இரண்டு வரி எழுதட்டும். ஆயுதத்தால் வென்றார்கள் என்று எழுதியவனும், பிரதானிகளால் வென்றார்கள் என்று எழுதியவளும் மோதிக்கொள்ளும்போது உங்கள் பாடம் தானாக நடக்கும். அடுத்த பாடவேளையில், பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கண்டிப் பிரதானி கெப்பட்டிபொலவே கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்ததைச் சொல்லி, முந்தின நாள் எழுதிய பதிலைத் திருத்த வேண்டுமா என்று கேளுங்கள். திருத்துகிற பிள்ளையைப் பாராட்டுங்கள்.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமானது கோப்பியும் தேயிலையும். "கோப்பிக்கு நோய் வந்தது, தேயிலை வந்தது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம். அதைப் பிரித்துப் போட்டால் எத்தனை கேள்விகள்! கோப்பி இலைத்துரு நோய் 1869 இல் கண்டறியப்பட்டது. ஆனால் விலை ஏறியிருந்ததால் அதற்குப் பிறகும் பல வருடங்கள் காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டே இருந்தார்கள். நோய் தெரிந்தும் ஏன் நட்டார்கள்? ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867, நோய்க்கு முன்னால். அப்படியானால் நோய்தான் தேயிலையைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா? கொழும்பு - கண்டி ரயில் பாதை திறந்ததும் அதே 1867. எந்தப் பயிருக்காக அந்தப் பாதை போடப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதும் "தேயிலை" என்று கத்தும். அந்த வருடத்தில் இந்த நாட்டின் தேயிலை எவ்வளவு என்று கேட்டால் மௌனம் விழும். பிறகு யாரோ ஒருத்தி மெதுவாக "கோப்பியா சேர்?" என்பாள். பாதை நானுஓயாவுக்கு வந்த 1885 இல் கதை மாறிக்கொண்டிருந்தது; பதுளையை எட்டிய 1924 இல் முழுவதும் மாறிவிட்டது. திகதிகளை மனனம் செய்யவைப்பது தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1867 உம் 1869 உம் மனதில் இல்லாத பிள்ளையால் இந்தக் கேள்வியை யோசிக்கவே முடியாது.

இதே இடத்தில் இன்னும் ஆழமான கேள்வி ஒன்று கிடக்கிறது. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு வந்து, முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் கொழுந்து வருடம் முழுவதும் எடுக்கவேண்டும். ஒரு மலையை முடித்துவிட்டு அடுத்த வாரம் திரும்ப அங்கேயே வரவேண்டும். பெரும்பாலும் ஆண்களே வந்துபோன இடத்தில் குடும்பம் குடும்பமாகத் தங்கவேண்டி வந்தது. "நம்ம ஆளுங்க ஏன் இங்கேயே தங்கிட்டாங்க?" என்ற கேள்விக்கு ஒரு செடியின் இயல்பும் ஒரு காரணம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் தெளிவைப் பாருங்கள். கங்காணி முறை (ஆட்களைத் திரட்டி வேலைவாங்கிய கங்காணியின் கீழ் தொழிலாளர் இருந்தது), துண்டு முறை (கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு), கடன் எல்லாம் அதோடு சேர்த்துப் பேசவேண்டியவை. ஆனால் செடியிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்குக் கைப்பிடி கிடைக்கிறது. தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம் அது. கொழுந்து எடுக்கும் அம்மாவிடம் போய் "எத்தனை நாளைக்கு ஒருமுறை ஒரே மலைக்குத் திரும்புவீங்க?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அதுவும் சான்றுதான்.

வீட்டுக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மாணவர் மையம் என்றதும் "பாட்டியிடம் கேட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளை கேட்டு வருகிறது, வகுப்பில் சொல்கிறது, நாம் "மிக நன்று" என்கிறோம். அதோடு முடிந்துவிட்டால் அது கதைநேரம், வரலாற்றுப் பாடம் அல்ல. உதாரணத்துக்கு, தேயிலைத் தூருக்கடியில் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டிக் கூட்டிவந்தார்கள் என்ற கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. உங்கள் வகுப்பிலும் நிச்சயம் வரும். அதைத் தள்ளிவிடாதீர்கள், அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரை காடு வழியே நடந்துவந்த கதையையும் அதே பாட்டிதான் சொல்லியிருப்பார். நடந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் வந்தது எந்தப் பயிரின் காலத்தில்? கோப்பியின் காலத்தில். அப்போது தேயிலைத் தூர் எங்கிருந்து வந்தது? ஒன்று, கதையில் கோப்பி இருந்த இடத்தில் பின்னால் தேயிலை ஏறியிருக்கலாம். அல்லது பிந்தி வந்தவர்களின் கதையும் முந்தி வந்தவர்களின் கதையும் கலந்திருக்கலாம். 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் போட்டபிறகு வந்தவர்கள் அந்தக் காட்டை நடந்து கடக்க வேண்டியிருக்கவில்லை. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், கதை பொய் என்று பிள்ளைகள் முடிவுகட்டப் பார்ப்பார்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் தேவை. ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வைத் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அந்தக் கதை உறுதியான சான்று. எந்த வருடத்தில் யார் என்ன சொல்லி அழைத்தார் என்பதற்கு அது பலவீனமான சான்று. தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்தையும், நிலமில்லாமையையும், சாதிக் கொடுமையையும் அந்தக் கதை சொல்லாது. ஆட்சேர்ப்புப் பற்றிய அலுவலக ஆவணம் ஆசைகாட்டலைச் சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பத்தாம் தரப் புத்தகத்தின் முதல் அலகாகிய மூலாதாரங்கள் உயிர் பெறும். அந்த அலகைக் கல்வெட்டு, நாணயம் என்று பட்டியலிட்டு முடிப்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

இதில் ஆபத்தும் உண்டு. அதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை. பிரஜாவுரிமைப் பாடம் வரும்போது கவனமாக இருங்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை, இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டியிருந்தது. இதைவிட நல்ல வகுப்பறைக் கேள்வி கிடைக்காது: "இதை நிரூபிக்க என்ன பத்திரம் வேண்டும்? லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசைவீட்டு அறையில்) பிறந்த பூட்டனுடைய பிறப்பை அன்று யார் பதிந்திருப்பார்கள்?" அடுத்து, இந்த மக்களின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி எத்தனை என்று கணக்குப் போடவைத்து, அந்த 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974 இல் எப்படிப் பாதி பாதியாகப் பிரித்தார்கள் என்று காட்டுங்கள். இந்த எண்ணுக்குள் இருந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியை நீங்கள் எழுப்ப வேண்டியதில்லை, பிள்ளைகளே எழுப்புவார்கள். ஆனால் "உங்கள் வீட்டுக் கடவுச்சீட்டையும் பத்திரங்களையும் கொண்டுவாருங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவை தகரப்பெட்டியில் பூட்டிவைத்த பொருட்கள். தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது. அதைவிட முக்கியம், வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி "உன் குடும்பத்தில் யார் போனார்கள்?" என்று கேட்கக் கூடாது. பெரியப்பா கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்த் தொடர்பே அறுந்துபோன வீடுகள் உண்டு. சிறுவயதில் கல்யாணமாகிப் பிரிந்துபோனவர்களைப் பற்றி வீட்டில் பேசாத குடும்பங்களும் உண்டு. விரும்பினால் எழுதித் தரலாம், எழுதாவிட்டாலும் புள்ளி குறையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதி பற்றிய கேள்வி எழும்போதும் இதே கவனம் வேண்டும். தோட்டத்தில் யார் எந்த லயம் என்பதே பலவற்றைச் சொல்லிவிடும்.

நாடகமாக நடிக்கவைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். துரை, கங்காணி, தொழிலாளி என்று பாத்திரம் கொடுத்து நடிக்கவைக்கும் பாடங்களைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கங்காணியாக வரும் பையன் பிரம்பைச் சுழற்றுவான், வகுப்பு சிரிக்கும், குனிந்து நிற்கும் பிள்ளையின் தாத்தா உண்மையிலேயே அப்படி நின்றவராக இருப்பார். நடிக்கவைத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு விசாரணையை நடத்துங்கள். முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அதைப் பற்றி ஆணைக்குழு விசாரித்தது. யார் சாட்சி, அவருக்கு எது தெரிந்திருக்க முடியும், எதை மறைக்க அவருக்குக் காரணம் இருந்தது என்று கேள்விகளைத் தயாரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். அடிப்பதையும் சுடுவதையும் நடிக்கவேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் எழுதாத, ஆனால் சீக்கிரம் சந்திக்கப்போகும் ஒரு கேள்வி: "சேர், நம்ம ஆளுங்க புத்தகத்துல ஏன் இவ்வளவு கொஞ்சமா இருக்காங்க?" இதற்கு ஒரு மேடைப் பேச்சால் பதில் சொல்ல ஆசை வரும், எனக்கும் வந்ததுண்டு. அதைவிட, புத்தகத்தை எடுத்து எந்த அலகில் யார் பெயரோடு வருகிறார்கள், யார் "தொழிலாளர்கள்" என்று கூட்டமாக மட்டும் வருகிறார்கள் என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த நடேசய்யர் பற்றி, அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாடல் எழுதித் தோட்டம் தோட்டமாகப் பாடியதைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதே நேர்மை மறுபக்கத்துக்கும் வேண்டும். 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காடுகளும் சேனை நிலங்களும் (காட்டை வெட்டி எரித்து மாறி மாறிப் பயிரிட்ட நிலங்களும்) அரசுக்குப் போய், அங்கிருந்து தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் சிங்களக் கிராமத்தின் கதை அதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதையும் தெரிந்துகொண்டால்தான், இரு தரப்பும் ஒரே காலத்தில் வெவ்வேறு வகையில் இழந்தவர்கள் என்பது விளங்கும். இதைச் சொல்லாத மலையக வரலாற்றுப் பாடம் பாதிப் பாடம் என்பது என் அபிப்பிராயம். சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.

இரைச்சலும் மௌனமும். உங்கள் பாடசாலை நீங்கள் விவரித்தபடி ஒரே மண்டபத்தில் தட்டி வைத்துப் பிரித்த வகுப்புகள் என்றால் ஐந்து ஆறு பேர் குழுக்களை விட்டுவிடுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பகை தேவையில்லை. வாங்கைத் திருப்பாமல், பக்கத்தில் இருப்பவரோடு இருவராக வேலை செய்தால் போதும். மௌனத்துக்கு மருந்து எழுத்து. கேள்வியைப் போட்டதும் "யார் சொல்வது?" என்று பார்க்காதீர்கள். மூன்று நிமிடம் எல்லோரும் கொப்பியில் ஒரு வரி எழுதட்டும், நீங்கள் நடந்து பார்த்து, நல்ல வரி எழுதிய கூச்சமுள்ள பிள்ளையிடம் "இதை வாசிக்கிறியா?" என்று காதோடு கேளுங்கள். எழுதியதை வாசிப்பது, யோசித்துச் சொல்வதைவிடச் சுலபம். பதிலைக் கேட்டதும் "சரி", "பிழை" என்று சொல்லாமல் "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். முதல் தவணை முழுவதும் அதைக் கண்டிப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் மிரளுவார்கள். இரண்டாம் தவணையில் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்கத் தொடங்குவார்கள்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் தரம் 10 இலும் இருப்பார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆவணம் என்று நீண்ட பந்தியைக் கொடுத்தால் அவர்களை வெளியே தள்ளியதாகிவிடும். ஆகவே கவ்வாத்து வெட்டுகிற மாதிரி துணிந்து வெட்டுங்கள்: ஆறு வரிக்கு மேல் வேண்டாம், கடினச் சொல்லை மாற்றுங்கள், முதல் தடவை நீங்களே உரக்க வாசியுங்கள். மூல வாசகத்தைச் சுருக்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நேர்மைக்குப் போதும். போட்டோப் பிரதிக்குக் காசில்லை என்றால் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் ஒரே துண்டைப் பார்ப்பதில் ஒரு நன்மைகூட உண்டு. தரம் 6, 7 பிள்ளைகளோடு இந்த முறையில் எனக்குப் போதிய அனுபவம் இல்லை. அங்கே படமும் பொருளும் கதையும் அதிகம் வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்த வகுப்புகளை எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

பாடத்திட்டம் முடியாது என்ற பயம் நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தவேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு அலகுக்கு ஒரு தேடல் பாடம் போதும். மற்றவற்றை நன்றாக, சுவையாக விளக்கிச் சொல்லுங்கள். நன்றாகச் சொல்வதும் ஒரு கலைதான், அதை இழக்க வேண்டியதில்லை. குறிப்பு எழுதவைப்பதும் பாவமில்லை. ஆனால் பாடத்துக்கு முன்னால் எழுதவைக்காமல், விவாதத்துக்குப் பின்னால், பிள்ளைகள் சொன்ன வசனங்களையே திருத்திப் பலகையில் போட்டு எழுதவையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாளிலிருந்து அதே விடயத்தில் ஒரு வினாவைக் கொடுங்கள். வரைபடத்தில் இடங்குறிக்கும் வினாவுக்கு வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். அதற்கு எந்தத் தேடல் முறையும் பதிலாகாது, பயிற்சிதான். மூத்த ஆசிரியர்களோடு வாதாட வேண்டாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அவர்களுடைய பிள்ளைகள் சித்தியடைந்திருக்கிறார்கள். "இந்த அலகில் ஒரு பாடவேளைக்கு மட்டும் வேறு மாதிரிச் செய்து பார்க்கிறேன், வந்து பாருங்கள்" என்று பகுதித் தலைவரைக் கூப்பிடுங்கள். தவணைப் பரீட்சை வினாத்தாளில் ஒரே ஒரு சான்று வினாவை, ஐந்து புள்ளிக்கு, சேர்க்க அனுமதி கேளுங்கள். பரீட்சையில் வராத எதையும் பிள்ளைகள் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாகச் சுற்றுலா. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் நல்ல இடம்தான், லூல்கந்துரவும் அப்படியே. ஆனால் பஸ் காசு கொடுக்கமுடியாத பிள்ளை வீட்டில் நின்றுவிடும், அன்று அந்தப் பிள்ளைக்கு நாட்சம்பளம் இழந்த மாதிரி. முதல் வருடத்தில் நடந்துபோகக்கூடிய தூரத்தில் ஒரு இடத்தை எடுங்கள்: பழைய பிரட்டுக்களம் (காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்த இடம்), மூடிக்கிடக்கும் தொழிற்சாலை, வருடம் பொறித்த பாலம், துரைமாரின் கல்லறைகள் உள்ள சின்னத் தேவாலயம். கல்லறையில் இருக்கும் பெயர், வயது, வருடம் ஆகியவற்றைக் குறித்துவந்து, ஏன் இவ்வளவு பேர் இளவயதில் இறந்தார்கள், அதே வருடங்களில் இறந்த தொழிலாளர்களின் கல்லறை எங்கே என்று கேட்டால் ஒரு வாரத்துக்குப் பாடம் இருக்கும். தோட்ட நிர்வாகத்திடமும் அதிபரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெற்றோரின் கையெழுத்தும் எடுங்கள், வலயப் பணிமனைக்குத் தகவல் கொடுங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் கொண்டுபோங்கள்.